பக்கிரிசாமி ஏறாத படிகள்

காலை மணி ஏழு. சிரிக்காதீர்கள், பேய்க் கதைக்குக் காலை ஏழு மணியா என்று. அது டோக்கியோ மணி. ஜப்பான்காரன் வந்ததும் பினாங்கில் இருந்த கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். ஆபீஸ் சுவரில் ஏழு அடிக்கும். வெளியே எட்டிப் பார்த்தால் அஞ்சரை. கும்மிருட்டு. அந்த இருட்டில்... மலைப்பாதையில்... ஒரே ஒரு ஆள்.

தண்ணீர் லாரி வரும்போது வரும். வாளியைத்தான் வரிசையில் வைத்தாயிற்றே, உட்காருங்கள். மூன்று நாளாகக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டத்தோ கிராமாட் பகுதி முழுக்க வாளியோடு ரோட்டில் நிற்கிறது. அதனால் தண்ணீர்க் கதையாகவே சொல்கிறேன். என் கூட்டாளி தங்கராஜுவின் பெரியப்பா பக்கிரிசாமிக்கு நடந்தது இது. படுத்த படுக்கையான பிறகுதான் அவர் இதைத் தங்கராஜுவிடம் சொன்னார். அதுவரை வீட்டில் மழை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவாராம்.

நம் தீவில் ஆறு என்பது பெயருக்குத்தான். பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுப்பது மலை. கடல் மேகம் வந்து மலையில் முட்டும், அங்கேயே கொட்டும். கீழே பட்டணத்தில் ஒரு சொட்டு விழாது, துணி காய்ந்துகொண்டிருக்கும். மேலே காடு இருந்தால் மண் அந்த மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் கசியவிடும். காடு இல்லையென்றால் போச்சு. செங்குத்து மலை, அடியில் கருங்கல். விழுந்த தண்ணீர் அப்படியே உருண்டு ஒரு மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். ஜப்பான்காரன் என்ன செய்தான்? காட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டான். வெட்டிய சரிவில் மரவள்ளி நட்டான்.

அப்புறம் என்ன, சின்னத் தூறலுக்கே சரிவு மண் கரைந்து ஓடையில் இறங்கியது. ஓடைக்குக் குறுக்கே ஒரு தண்ணீர்க் கட்டு உண்டு. பட்டணத்துக் குழாய் அங்கேதான் ஆரம்பம். கட்டுக்கு மேலே மண் சேர்ந்து சேர்ந்து குழாய் வாயே அடைத்துக்கொண்டது. அதை அள்ள முப்பது பேர். தினமும் ஓடைக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று, கூடை கூடையாக வாரிக் கொட்ட வேண்டும். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் சுப்பையா.

பக்கிரிசாமிக்கு வேலை இன்னும் மேலே. தண்ணீர்க் கட்டிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் கல்படி ஏறினால் மலை முதுகில் ஒரு வெட்டவெளி. அங்கே ஒரு பித்தளைப் புனல், அதற்கு அடியில் கண்ணாடிக் குப்பி. ராத்திரி பெய்த மழை அதில் இருக்கும். அளந்து சீட்டில் எழுதி, தண்ணி ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் கொடுக்க வேண்டும். ஆனால் சீட்டுக்கு முந்தி வேறொரு வழக்கம் இருந்தது. ஆபீஸ் போட்ட சட்டமில்லை அது, சுப்பையா போட்டது. கூலி ஆட்கள் லயத்திலிருந்து வந்து சேருவதற்கு முன்னாலேயே அவர் தன்னந்தனியாகக் கட்டின் மேல் வந்து நிற்பார். மேலே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"பக்கிரீ...! எம்புட்டு?"

அந்தப் பள்ளத்தாக்கு குறுகல். இரண்டு பக்கமும் பாறை. சத்தம் கீழே இருந்து மேலே அப்படியே ஏறும். பக்கிரிசாமி குப்பியைப் பார்த்துவிட்டு அளவைக் கத்துவார். ஒரு இஞ்சுக்குக் கீழே என்றால் ஆட்கள் ஓடையில் இறங்கலாம். ஒரு இஞ்சு தாண்டினால் அன்று ஒருத்தனும் இறங்கக் கூடாது. ஜப்பான்காரன் அறைந்தாலும் சரி. கரையில் கல் சுமப்பான்கள், கட்டுக்குச் சாந்து பூசுவான்கள், ஓடைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான்கள்.

"மலை வயிறு முட்டக் குடிச்சிருச்சுன்னா அடுத்த சொட்டு மலைக்கில்லடா, நமக்குத்தான்," என்பார் சுப்பையா. முப்பது பேர் உசிரும் பக்கிரிசாமி கத்துகிற அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

1944. தைப்பூசம் முடிந்து வெயில் காயும் நாட்கள். பட்டணத்தில் மூன்று வாரமாக மழை இல்லை. பக்கிரிசாமி தினமும் ஏறினார். குப்பி காலி. ஏறினார். காலி. வயிற்றில் அவித்த மரவள்ளியைத் தவிர ஒன்றுமில்லை, கால் வீங்கிக் கிடக்கிறது, வீட்டில் பெண்சாதி தனலெட்சுமி ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. ஒரு நாள் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டார். கீழே இருந்து குரல் வந்தது. இரண்டு கையாலும் வாயை லேசாகப் பொத்திக்கொண்டு கத்தினார். குரல் தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்க வேண்டுமே!

"காலீ...ண்ணே!"

அதுதான் ஆரம்பம். மறுநாளும் அந்தப் பாறை. அடுத்த நாளும். புகையிலை வைத்து ஒரு ரொக்கோ சுற்றிப் பற்றவைப்பார், கொசு அடிப்பார், நேரம் வந்ததும் கத்துவார், இறங்குவார். சீட்டில் முட்டை. எட்டு நாள் இப்படி ஓடியது. ஒரு பிசகும் இல்லை. உங்களையும் என்னையும் போல ஒரு மனிதன்தான், கெட்டவன் இல்லை.

ஒன்பதாம் நாள்... பாறையில் கை வைத்தார். ஈரம்.

பனி என்று நினைத்துக்கொண்டார். உட்கார்ந்தார். மேலே இருந்து காற்று இறங்கியது. அதில் மண் வாசனை. புது மழை நனைத்த மண். மூக்கு இருக்கிறவன் எவனுக்கும் தெரியும் அது. இருட்டில் எங்கேயோ இலையிலிருந்து சொட்டு விழுகிறது... டொப்... டொப்... நின்று நின்று. பக்கிரிசாமி எழுந்தார். மேலே ஐந்நூறு படி. பார்த்தார். முழங்கால் விண்விண் என்றது. திரும்ப உட்கார்ந்துவிட்டார், பாவி மனிதர்.

"பக்கிரீ...! எம்புட்டு?"

"காலீ...ண்ணே!"

கீழே சுப்பையா அரிக்கேனைத் தாழ்த்தி ஓடையைப் பார்த்திருப்பார். அப்புறம், "நெசமாவா? தண்ணி லேசா செவப்பா வருதேடா. ஏறிப் பாத்தியா?"

"பாத்தேண்ணே! காஞ்சு கெடக்கு!"

"ம்... நீ சொன்னாச் சரி."

அந்த "நீ சொன்னாச் சரி"யைச் சொல்லும்போது, நாற்பது வருஷம் கழித்தும், பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்றான் தங்கராஜு.

விடிந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பளீரென்று வெயில். பத்து மணி சுமாருக்கு மலை உச்சியில் மட்டும், குப்பி இருக்கும் வெட்டவெளிக்கும் அப்பால், ஒரு கறுப்பு மேகம் உட்கார்ந்தது. கால் மணி நேரம்தான் பெய்திருக்கும். கீழே வெயில் அப்படியே அடித்தது. ஓடையில் நின்றவர்களுக்கு முதலில் காற்றுதான் வந்ததாம், குளிர்ந்த காற்று. அப்புறம் பாறை பாறையோடு இடிக்கிற சத்தம். சுப்பையா கரைமேல் நின்றவர். ஓடிப்போயிருக்கலாம். உள்ளே குதித்தார். ஆட்களை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கிக் கரைக்குத் தள்ளினார். இருபத்து நான்கு பேர் ஏறிவிட்டார்கள். மிச்சம் ஆறு பேரும் சுப்பையாவும் போனார்கள். ஆறு உடல் கிடைத்தது. சுப்பையா கிடைக்கவில்லை.

எல்லோரும் கரையோரமாக அழுதுகொண்டு ஓடும்போது பக்கிரிசாமி எந்தப் பக்கம் ஓடினார் தெரியுமா? மேலே. ஆயிரம் படியையும் நிற்காமல் ஏறினார். குப்பியை எடுத்தார். மூணேகால் இஞ்சு. சீட்டில் எழுதினார், மூணேகால். இறங்கிவந்து கிராணி ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் நீட்டினார்.

கிராணி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார், "இதைக் காலமையே சுப்பையாவுக்குச் சொன்னனீரோ?"

"சொன்னேங்கய்யா. மூணேகாலுன்னு கத்துனேன். ஆகட்டும்னாரு."

சொல்லிவிட்டார். கேட்டவர் ஒருத்தர், அவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. யார் மறுக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போவான். போனவன் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி சோற்றில் கை வைக்க முடியவில்லை அவருக்கு.

பழி சுப்பையா தலையில் விழுந்தது. மழை அளவு தெரிந்தும் ஜப்பான்காரனிடம் நல்ல பேர் வாங்க ஆட்களை இறக்கினான் என்று. சுப்பையா பெண்சாதி வடிவம்மாளுக்கு அரிசிச் சீட்டு நின்றது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். செத்த ஆறு பேரின் வீட்டுக்காரர்கள் அவள் முகத்தில் விழிப்பதில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவள் பக்கிரிசாமியைத் தேடி வருவாள். வேறு யாரிடம் போவாள்?

"தம்பி, கடைசியா அவரோட பேசுனது நீங்கதான். மூணேகாலுன்னு காதுல வாங்கிட்டா ஆள எறக்குனாரு? அவரு அப்படிப்பட்ட மனுசனில்லையே தம்பி."

"தெரியலக்கா... என்ன நெனச்சாரோ."

தன் பங்கு மரவள்ளியில் பாதியை எடுத்து அவள் மடியில் போடுவார். அவள் கும்பிடுவாள். கும்பிட்டுவிட்டுப் போவாள்! மரவள்ளி கொடுத்த தன் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருக்கும் பக்கிரிசாமிக்கு.

இப்போது கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சாவு விழுந்த மறுநாள் காலை. டோக்கியோ மணி ஏழு. பக்கிரிசாமி ஒரு படி விடாமல் ஏறினார். வானம் முழுக்க நட்சத்திரம். வெட்டவெளிக்கு வந்து புனலைத் தூக்கினார். குப்பி காய்ந்து கிடந்தது. அப்போது கீழே... கட்டுப் பக்கத்திலிருந்து...

"பக்கிரீ...! எம்புட்டு?"

கட்டின் மேல் யாரும் இல்லை. வேலை நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கிரிசாமியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "காலீ...ண்ணே!" கத்திய பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது. எப்படி இறங்கினார் என்று தெரியாது.

மறுநாள் குரல் கட்டுப் பக்கமிருந்து வரவில்லை. கொஞ்சம் மேலே, முதல் வளைவிலிருந்து வந்தது. குப்பியும் காலிதான். காலி என்றார். அதற்கடுத்த நாள் இரண்டாம் வளைவு. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, பிறகு ஏன் இப்படி என்று தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டார். ஒரு நாள் பதிலே சொல்லாமல் இருந்து பார்த்தார். அன்றைக்குக் குரல் மூன்று தடவை கேட்டது. கோபமில்லை. உயிரோடிருந்தபோது கேட்ட மாதிரியே, ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களே, சீக்கிரம் சொல்லேன் என்கிற அவசரம்தான்.

வேலையை விடலாம் என்றால் விட முடியாது. விட்டவனைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு, சாகத்தான், அனுப்பினார்கள்.

எட்டாம் நாள் குரல் பாறையிலிருந்து வந்தது. அவர் உட்கார்ந்து ரொக்கோ பிடித்த அதே பாறை. அன்று இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, பாறை ஓரத்தைத் தடவித் தடவிக் கடந்தார். கையில் ஈரமாக நறநறவென்று மணல் ஒட்டியது. பத்தாம் நாளிலிருந்து குரலோடு காலடியும் கேட்டது. ஈரத் துணி படியில் அடிக்கிற மாதிரி... சளக்... சளக்... ஒரு படி. நின்று, மூச்சு வாங்கி, இன்னொரு படி. ஓடைச் சேறும் ஊறிப்போன துணியும் கலந்த வாடை. கீழேதான் வரும் அந்த வாடை, மலை உச்சிக்கு வராது.

பதினாறாம் நாள். செத்த ஆறு பேருக்கும் கட்டோரமாகவே கருமாதி வைத்திருந்தார்கள். எட்டரைக்கு வேலைக்கு நிற்க வேண்டும், அதனால் இருட்டிலேயே வந்து அரிக்கேன் விளக்கு வைத்து, வாழையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாளை வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்படியும் அவள் வந்திருந்தாள். தூரத்தில், ஒரு கோடித் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, புருஷனுக்குத் தனியாகத் தலைமுழுக. பக்கிரிசாமி யார் முகத்தையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டிப் படியேறினார்.

அன்று வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. பாறை சும்மா கிடந்தது. போய்விட்டது, பதினாறோடு ஆத்மா அடங்கிவிட்டது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்டவெளிக்கு வந்தார். குனிந்தார். புனலில் கை வைத்தார்.

"எம்புட்டுடா பக்கிரி?"

கத்தவில்லை. கத்த வேண்டிய தூரமில்லை. பிடரி மயிரில் குளிர்ந்த மூச்சு பட்டது. தோளில் ஒரு சொட்டு விழுந்து முதுகில் ஓடியது.

பக்கிரிசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் இன்றைய மழையைக் கேட்கவில்லை. பதினைந்து நாளாக, படி படியாக ஏறிவந்து, அந்த ஒரு நாள் மழையைத்தான் கேட்கிறார். பதில் கிடைக்கவில்லை. ஆளை இறக்கலாமா கூடாதா என்று இன்னும் தெரியாமல் நிற்கிறார்.

குனிந்தபடியே, உதடு மட்டும் அசைய, கிசுகிசுத்தார்: "மூணேகால்ணே. நான் ஏறல. பாறையில உக்காந்துட்டேன். ஒங்க மேல பழியப் போட்டேன். என்னை மன்னிச்சிருங்கண்ணே."

பின்னால் மூச்சு நின்றது. அவ்வளவுதான். பக்கிரிசாமி காத்திருந்தார். ஒன்றுமில்லை. நெஞ்சில் பதினைந்து நாளாகக் கிடந்த கல் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. செத்தவரிடம் சொல்லியாயிற்று. உயிரோடு இருக்கிறவர்களுக்கு எதற்கு? அவர்களுக்குத் தெரிந்தால் ஜப்பான்காரனுக்குத் தெரியும். அவர் மனசு அப்படித்தான் போனது, தங்கராஜுவிடம் அவரே சொன்னார், ஒளிக்கவில்லை. குப்பியைத் துடைத்து வைத்துவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

பின்னாலேயே... சளக்... சளக்...

அவர் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. ஆயிரம் படி. திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வளைவுக்கு வரும்போது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. கீழே கட்டோரமாக அத்தனை பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஒரு பெண் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டு ஓடைக்குள் போனது. யாரும் அதை எடுக்கவில்லை. பக்கிரிசாமி கடைசிப் படியில் வந்து நின்றார். அவர்கள் பார்த்தது அவரை இல்லை. அவர் தோளுக்குப் பின்னால்.

வடிவம்மாள் மட்டும் நடந்து வந்தாள். பயமில்லை அவள் முகத்தில். வேலையிலிருந்து நனைந்து வந்த புருஷனைப் பார்க்கிற முகம். கோடித் துண்டை விரித்தாள். பக்கிரிசாமியின் காதை உரசிக்கொண்டு கையை நீட்டி, அவருக்குப் பின்னால் எதையோ துவட்டினாள். கையை எடுத்தபோது துண்டு நனைந்திருந்தது. சிவப்பாகச் சேற்றுத் தண்ணீர் அதிலிருந்து வழிந்து பக்கிரிசாமியின் காலில் சொட்டியது.

அப்புறம் அவள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிற மாதிரி. கேட்டுவிட்டு, முதல் தடவையாகப் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, மேல அவருகிட்ட என்னமோ சொன்னீங்களாம். காதுல தண்ணி பூந்து கெடக்காம், சரியாக் கேக்கலையாம். எல்லாரும் இங்கதான இருக்காங்க... இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுவீங்களாம்."